ஹட்டன் கோயில் தேர்த் திருவிழா பேனருக்குத் தூரிகை எழுத்துரு சரிவருமா?
தலைப்புக்கு மட்டும் நன்றாக எடுபடும். பூஜை நேரம், உபயகாரர் பெயர்களுக்கு வேண்டவே வேண்டாம். தமிழில் சிக்கல் சுழிகளில்தான். ண, ணை போன்றவற்றின் உள்துளை சிறிய அளவில் அடைபடும், புள்ளி கோட்டோடு ஒட்டும். 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். ஹட்டன் மலைப் பனிமூட்டத்தில் தூரத்திலிருந்து வாசிப்பது இன்னும் கடினம். ஆகவே அழுத்தமான நிறவேறுபாடு அவசியம்.

1942இல் ராபர்ட் ஈ. ஸ்மித் வடிவமைத்த பிரஷ் ஸ்கிரிப்ட் என்ற ஆங்கிலத் தூரிகை எழுத்துருவில் தமிழே இல்லை. ஆங்கிலப் பெயருக்கு அதைப் போட்டால் முழுவதும் பெரிய எழுத்தில் அடிக்காதீர்கள். ஒன்றோடொன்று கோர்ப்பவை அதன் சிறிய எழுத்துகளே. இடைவெளி கூட்டினால் அந்தக் கோர்வையும் அறும்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளை வளைகோடுகளாக (curves), அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றுங்கள். பாமினி முறை எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைப்பது; அது அங்கே இல்லாவிட்டால் தமிழ் முழுதும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும்.