தாழ்த்திய காருக்கு எவ்வளவு கடினமான ஸ்பிரிங்?

கேள்வி: என் ஹேட்ச்பேக் காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்தியிருக்கிறேன். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் முன்பக்கம் ‘டொக்’கென்று இடிக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு கடினமாக்க வேண்டும்? – வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: காரைத் தாழ்த்துவதற்கு முன்பு சக்கரம் மேலேற 80 மில்லிமீட்டர் இடம் இருந்ததாகக் கொண்டால், இப்போது 50 மட்டுமே மிஞ்சுகிறது, இறக்கத்தில் பிரேக் பிடிக்கையில் எடையும் முன்னால் சாய்வதால், அந்த இடம் தீர்ந்து, சக்கரம் மேலேறுவதை முடிவில் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் மோதுகிறது. அதே சுமையை 50 மில்லிமீட்டருக்குள் தாங்க, ஸ்பிரிங் 1.6 மடங்கு கடினமாக வேண்டும் என்று கணக்கு சொல்லும். ஆனால் அப்படிச் செய்தால் சேலம் நகரத்துக் குழிகளில் குடும்பத்தார் உங்களுடன் வர மாட்டார்கள்.

25 முதல் 30 சதவீதம் கூட்டுவதே என் பரிந்துரை. ஒரு முன்சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை இருந்து, சக்கரத்தில் உணரப்படும் கடினம் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனிலிருந்து 26 ஆக உயர்ந்தால், ஸ்பிரிங்கின் மேல் காரின் உடல் இயல்பாக மேலும் கீழும் ஆடும் அதிர்வு விநாடிக்கு 1.3 முறையிலிருந்து ஏறத்தாழ 1.5 ஆகும், அன்றாட ஓட்டத்துக்கு இது பொறுக்கத்தக்கதே.

ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்தியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங்கில் அமுங்கி விரிந்து வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் கடினம் 20 சதவீதம் கூடும் என்பது உண்மைதான். எனினும் சக்கரம் முழுதும் தொங்கும்போது ஸ்பிரிங் தான் அமர்ந்திருக்கும் இடத்தை விட்டு நழுவக்கூடும். புது ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரும், தாழ்த்திய அளவுக்குப் பொருந்தும் குட்டையான பம்ப் ஸ்டாப்பும் சேர்த்தே வாங்குங்கள்.