கடன் கம்பெனியுடையதா, உங்களுடையதா? அதை முதலில் கேட்கும் வக்கீலைத் தேடுங்கள்

கேள்வி: டெக்சஸ் மாநிலம் இர்விங்கில் ஒரு எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பை வரையறுக்கும் கம்பெனி) பெயரில் எட்டு வருடமாக உணவகம் நடத்துகிறேன். நான் ஒருவனே உரிமையாளர். எஸ்பிஏ (அமெரிக்க அரசின் சிறு தொழில் அமைப்பு) கடனில் 280,000 டாலர் பாக்கி. வியாபாரம் படுத்த சமயத்தில் வாங்கிய இரண்டு மெர்ச்சன்ட் கேஷ் அட்வான்ஸ்களில் (வரப்போகும் வியாபாரத்தைக் காட்டி வாங்கும் முன்பணம்) 95,000 நிற்கிறது. தினமும் வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். சேல்ஸ் டாக்ஸ் 22,000 கட்டவில்லை. சரக்கு வாங்கிய கடன் 60,000. மைத்துனர் கொடுத்தது 40,000. ஃபிரிஸ்கோவில் ஆறு வருடமாகச் சொந்த வீடு. மார்ட்கேஜ் 310,000, கார் லோன் 18,000. மனைவி வேலைக்குப் போகிறார். ஒரு வக்கீல், 3,500 டாலரில் சாப்டர் 7 (சொத்தை விற்றுக் கடன்களைத் தீர்க்கும் திவால், அதாவது பேங்க்ரப்சி வழக்கு) போட்டு எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் 20,000 ரிடெய்னர் (முன்பணம்) கேட்கிறார். யாரை நம்புவது? அதற்கு முன் மைத்துனர் பணத்தைத் தீர்த்துவிட்டு, கோவையில் என் பெயரில் இருக்கும் மனையை அண்ணன் பெயருக்கு எழுதிவிடலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டெக்சஸ்)

பதில்: கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறோம். இரண்டையும் செய்யாதீர்கள். வக்கீலைப் பார்க்கும் வரை மைத்துனருக்கு ஒரு டாலர்கூடத் தர வேண்டாம், மனைப் பத்திரத்தைத் தொடவும் வேண்டாம்.

மைத்துனர் சட்டத்தின் பார்வையில் 'இன்சைடர்', அதாவது உங்களுக்கு நெருங்கியவர். மற்ற கடன்காரர்களுக்கு (கடன் கொடுத்தவர்களுக்கு), திவால் மனு ஃபைல் செய்வதற்கு முந்தைய 90 நாட்களில் கொடுத்ததைத்தான் டிரஸ்டி (திவால் வழக்கில் சொத்துகளைக் கையாள நியமிக்கப்படுபவர்) தோண்டுவார். இன்சைடருக்கு முந்தைய ஒரு வருடம் முழுவதும் கணக்கில் வரும். நீங்கள் பாசத்தோடு கொடுத்த 40,000 டாலரைத் திருப்பிக் கேட்டு டிரஸ்டி வழக்குப் போடுவது உங்கள்மேல் அல்ல, அவர்மேல். உதவி செய்தவரைக் கோர்ட் வாசலில் நிறுத்தியது போலாகும். அவரையும் கடன்காரர் பட்டியலில் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் (கடனிலிருந்து கோர்ட் தரும் விடுதலை) கிடைத்த பிறகு, புதிதாகச் சம்பாதிக்கும் பணத்திலிருந்து நீங்களாக விரும்பி அவருக்குத் திருப்பிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. இதை அவரிடம் இப்போதே பேசிவிடுவது நல்லது.

கோவை மனை இன்னும் ஆபத்தானது. நீங்கள் சொந்தமாக ஃபைல் செய்தால், சொத்து உலகில் எங்கே இருந்தாலும் காட்டியாக வேண்டும்: ஊரில் உள்ள நிலம், வங்கி டெபாசிட், லாக்கர் நகை, பாகம் பிரியாத பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கு எல்லாம் அதில் அடங்கும். ஒரு வருடத்துக்குள் கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு சொத்தை மாற்றினால் டிஸ்சார்ஜே மறுக்கப்படலாம். மாற்றியதை ரத்து செய்ய அமெரிக்க மத்திய சட்டத்தில் 2 வருடம், டெக்சஸ் சட்டத்தில் பொதுவாக 4 வருடம் வரை பின்னோக்கிப் போகலாம். மறைப்பது குற்றம், 5 வருடம் வரை சிறை. 'இந்தியாவில் இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது' என்று ஒரு வக்கீல் சொன்னால், உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது 3,500-க்கும் 20,000-க்கும் உள்ள வித்தியாசம். இரண்டு வக்கீல்களும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை என்று தோன்றுகிறது. முதலாமவர் சாப்டர் 7 என்றாரே, யாருக்கு? எல்எல்சிக்கா, உங்களுக்கா? அதைக் கேட்டீர்களா? எல்எல்சிக்குச் சாப்டர் 7 போட்டால் டிரஸ்டி வந்து கதவைப் பூட்டி, அடுப்பையும் ஃப்ரீசரையும் விற்றுப் பங்கிடுவார். ஆனால் சாப்டர் 7-ல் ஒரு கம்பெனிக்கு டிஸ்சார்ஜ் கிடையாது. அது மனிதர்களுக்கு மட்டும்தான். கம்பெனி ஃபைல் செய்ததும் வரும், வசூலை நிறுத்தும் தடை உத்தரவு கம்பெனியைத்தான் காக்கும், அதன் கடனுக்குத் தன் பெயரில் பொறுப்பேற்று கேரண்டி போட்டவரை அல்ல. எஸ்பிஏ கடனில் 20 சதவீதமும் அதற்கு மேலும் பங்கு வைத்திருப்பவர் பர்சனல் கேரண்டி தர வேண்டும் என்பது விதி. நீங்கள் ஒரே உரிமையாளர், ஆகவே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கேஷ் அட்வான்ஸ் ஒப்பந்தங்களிலும் கடைசிப் பக்கங்களில் பெரும்பாலும் அது இருக்கும். கடையின் லீஸிலும் பாருங்கள். ஆக, கம்பெனிக்கு மட்டும் 3,500 கொடுத்துச் சாப்டர் 7 போட்டால், மறுநாளே அத்தனை பேரும் ஃபிரிஸ்கோ வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்புவார்கள்.

அனுபவமுள்ளவர் கடன் மொத்தத்தைக் கேட்பதற்கு முன்பே 'எதில் எல்லாம் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டீர்கள்?' என்று கேட்பார். அதன்பின் மூன்று வழிகளை எடுத்து வைப்பார்.

முதல் வழி: கடை தேறாது என்றால், பல சமயம் எல்எல்சி ஃபைல் செய்யவே தேவையில்லை. முறையாக மூடிவிட்டு நீங்கள் மட்டும் சாப்டர் 7-க்குப் போகலாம். இங்கேதான் எல்லா வகை வழக்கும் பார்க்கும் பொது வக்கீல்கள் தவறும் ஒரு கணக்கு வருகிறது. உங்கள் கடனில் பாதிக்கு மேல் குடும்பச் செலவுக் கடனாக இருந்தால்தான் வருமானத்தைச் சோதிக்கும் மீன்ஸ் டெஸ்ட். வீட்டு மார்ட்கேஜும் பொதுவாகக் குடும்பக் கடன்தான். உங்கள் கணக்கில் 310,000 + 18,000 = 328,000. தொழில் பக்கம் எஸ்பிஏ, கேஷ் அட்வான்ஸ் கேரண்டிகள், வரி சேர்ந்தால் 397,000. தொழில் கடனே அதிகம்; அதனால் மனைவியின் சம்பளம் சேர்ந்து வருமானம் கூடுதலாகத் தெரிந்தாலும் மீன்ஸ் டெஸ்ட் உங்களைத் தடுக்காது. ஆனால் இது கேரண்டிப் பக்கங்கள் உண்மையில் இருந்தால் மட்டுமே. இந்தக் கூட்டலைப் போடாமலேயே 'உங்கள் வீட்டு வருமானத்துக்குச் சாப்டர் 7 கிடைக்காது' என்றோ, கண்ணை மூடிக்கொண்டு 'கிடைக்கும்' என்றோ சொல்பவரை நம்ப வேண்டாம். டெக்சஸ் கம்யூனிட்டி பிராப்பர்ட்டி (திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்து பொதுவாக இருவருக்கும் உரியது) மாநிலம் என்பதால், மனைவி கையெழுத்துப் போடாவிட்டாலும் இருவரும் சேர்ந்து ஆளும் சொத்து உங்கள் வழக்குக்குள் வரும். அதையும் கேளுங்கள். நகரத்து வீட்டுக்கு டெக்சஸ் ஹோம்ஸ்டெட் (குடியிருக்கும் வீட்டுக்கான) பாதுகாப்பு வலுவானது, நீங்கள் 1,215 நாட்களுக்கு மேலாக அங்கே இருப்பதால், புதிதாக வாங்கிய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பில் வரும் உச்சவரம்புச் சிக்கலும் இல்லை. கோவை மனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சேல்ஸ் டாக்ஸ் எந்த வழியிலும் கரையாது. வாடிக்கையாளரிடம் வாங்கி அரசுக்காக வைத்திருந்த பணம் அது. டிஸ்சார்ஜ் அதைத் தொடாது. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியும் அப்படியே. இரண்டாவது வழியான சாப்டர் 13, உங்கள் பெயரில் போடுவது. அதில் இந்த வரியை 5 வருடம் வரை தவணையாகக் கட்டலாம். ஒழுங்கான வருமானம் வேண்டும். பிணையில்லாக் கடன் 526,700 டாலருக்குள்ளும், பிணையுள்ள கடன் 1,580,125-க்குள்ளும் இருக்க வேண்டும். எல்எல்சிக்கு இந்த வழி கிடையாது.

கடை தினசரி வியாபாரத்தில் லாபம் பார்த்து, கேஷ் அட்வான்ஸ் தவணைதான் உயிரை உறிஞ்சுகிறது என்றால் மூன்றாவது வழி: தொழிலை நடத்திக்கொண்டே கடனைச் சீரமைக்கும் சாப்டர் 11-ல் சிறு தொழில்களுக்கான சப்சாப்டர் 5. இது 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கடன் வரம்பு இப்போது 3,424,000 டாலர். 90 நாட்களுக்குள் கடனை எப்படித் தீர்ப்பது என்ற திட்டத்தைக் கொடுக்க வேண்டும், அதைக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு மட்டுமே. 3 முதல் 5 வருடம் மிஞ்சும் வருமானத்தைக் கட்டிக்கொண்டு கடையையும் உரிமையையும் வைத்துக்கொள்ளலாம். கோர்ட் கட்டணம் மட்டுமே 1,738 டாலர். 20,000 கேட்டவர் இதைத்தான் நினைத்திருப்பார். இந்த வேலைக்கு அது திருட்டு விலை அல்ல. ஆனால் கடன் தவணைகளை முழுக்க நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் வாடகை, சம்பளம், சரக்குக்குப் பிறகு கையில் எதுவும் மிஞ்சவில்லை என்றால், அந்த 20,000 வீண். அதை உங்களிடம் நேருக்கு நேர் சொல்லும் தைரியம் உள்ளவர்தான் நல்ல வக்கீல்.

சப்சாப்டர் 5-ல் அனுபவத்தைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: 'புதன்கிழமை ஃபைல் செய்தால், வெள்ளிக்கிழமை சம்பளம் எப்படிப் போடுவது?' எஸ்பிஏ வங்கிக்குக் கடையின் வங்கிப் பணத்தின் மேலும் உரிமை இருக்கும். அவர்கள் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. அனுபவமுள்ளவர் ஃபைல் செய்யும் நாளிலேயே கேஷ் கொலேட்டரல் மனுவையும் (பிணையாக உள்ள அந்தப் பணத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்பது), வாரவாரியான வரவு செலவுத் திட்டத்தையும் சேர்த்தே போடுவார். இந்தக் கேள்விக்குத் தடுமாறுபவரிடம் கடையை ஒப்படைக்காதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது: சாப்டர் 11-ல் கம்பெனியின் வக்கீலைக் கோர்ட் அங்கீகரிக்க வேண்டும், அவருக்கு முரண்பட்ட நலன் இருக்கக்கூடாது. உங்கள் நலனும் கம்பெனியின் நலனும் ஒன்றல்ல. கேரண்டி விஷயத்துக்கு உங்களுக்கெனத் தனியாக இன்னொரு வக்கீல் தேவைப்படலாம். 'இரண்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்பது சாப்டர் 11-ல் வசதியல்ல, எச்சரிக்கை.

ஆளைத் தேர்ந்தெடுக்க விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். டெக்சஸ் போர்டு ஆஃப் லீகல் ஸ்பெஷலைசேஷன், பிசினஸ் பேங்க்ரப்சி, கன்ஸ்யூமர் பேங்க்ரப்சி என்று தனித்தனியாகச் சான்று தருகிறது. உங்களுக்கு முதலாவது முக்கியம். ஸ்டேட் பார் தளத்தில் ஒழுங்கு நடவடிக்கை இருக்கிறதா பாருங்கள். பிறகு பேசர் என்ற மத்திய கோர்ட் பதிவுத் தளத்தில் அவர் கடனாளி தரப்பில் நடத்திய சாப்டர் 11 வழக்குகளைத் தேடுங்கள். ஒரு பக்கம் 10 சென்ட், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் என்றால் கட்டணமே இல்லை. திட்டம் உறுதியாகி முடிந்தவை எத்தனை, தள்ளுபடியானவை எத்தனை, சாப்டர் 7-க்கு மாறியவை எத்தனை என்று பாருங்கள். தோற்ற வழக்கு இருப்பது குறையல்ல. விடுபட்ட படிவத்துக்காகத் தள்ளுபடியான வழக்குகள் வரிசையாக இருந்தால்தான் குறை. இர்விங் டல்லாஸ் கவுண்டியில் இருப்பதால் கம்பெனி வழக்கு வடக்கு டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்கும், உங்கள் வீடு ஃபிரிஸ்கோவில் இருப்பதால் உங்கள் சொந்த வழக்கு கிழக்கு டிஸ்ட்ரிக்டுக்கும் போகும். இரண்டின் உள்விதிகளும் வேறு. அந்தந்தக் கோர்ட்டில் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், எது சேரவில்லை என்ற பத்தியை இரண்டு முறை படியுங்கள். மொத்தத் தொகைக்குப் பேசுபவர்கள் அட்வர்சரி புரொசீடிங் எனும் தனி வழக்குகளைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை, கேஷ் அட்வான்ஸ் கம்பெனியோடு சண்டை வந்தால் செலவு அங்கேதான். சாப்டர் 7 வக்கீல் முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் சந்தேகப்படாதீர்கள். பாக்கி வைத்தால் அந்தக் கட்டணமும் கரைந்துபோகும் கடனாகிவிடும் என்பதால்தான் கேட்கிறார். சாப்டர் 11 ரிடெய்னர், வக்கீலின் சொந்தப் பணத்தோடு கலக்காத டிரஸ்ட் அக்கவுண்ட்டில் இருக்க வேண்டும். நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை அவர் கோர்ட்டுக்கு எழுதித் தர வேண்டும். அலுவலகத்தில் பேசியவர் ஒருவர், கடன்காரர் கூட்டத்துக்கு உங்களோடு வருபவர் வேறொருவர் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். தினமும் போகும் பணம், வக்கீலுக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் தேவையான பணம். மூன்றாவது கேஷ் அட்வான்ஸ் வாங்கி முதல் இரண்டை அடைக்க வேண்டாம். 401கே ஓய்வுக்காலச் சேமிப்பை உடைக்க வேண்டாம். பேங்க்ரப்சியில் கடன்காரர்கள் தொட முடியாத பணம் அது. முதல் சந்திப்புக்குப் போகும்போது மூன்று வருட வரிப் படிவங்கள், ஒரு வருட வங்கி அறிக்கைகள், ஒவ்வொரு கடன் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களும், லீஸ், வரி நோட்டீஸ்கள், டெக்சஸ் செகரட்டரி ஆஃப் ஸ்டேட்டில் எடுத்த யுசிசி தேடல் (கடையின் சொத்து மேல் யாருக்குப் பிணை உரிமை என்ற பதிவு), கடந்த நான்கு வருடத்தில் குடும்பத்துக்குக் கொடுத்த பணம், மாற்றிய சொத்து இவற்றின் பட்டியல், கோவை மனையின் பத்திர நகல் எல்லாம் கையில் இருக்கட்டும். மனைவியையும் அழைத்துப் போங்கள். கம்யூனிட்டி பிராப்பர்ட்டி பற்றி வக்கீல் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அவரிடம்தான் பதில் இருக்கும்.