பனியில் கேஸ் டப்பா அடுப்பு: கேள்வி பதில்

நான் பாம்பன்காரன். 11 குளிர்காலமாக உத்தரகண்ட் மலைகளில் மலையேறுபவர்களுக்குச் சமைத்துப் போடுகிறேன். இந்த டிசம்பரில் நம் கடற்கரையிலிருந்து ஒரு கூட்டம் அங்குள்ள கேதார்கந்தா சிகரத்துக்குக் கிளம்புகிறது. அடுப்பு பற்றிக் கேட்க இருப்பதை எல்லாம் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

தங்கச்சிமடம்: அண்ணே, எங்கள் சின்ன அடுப்பு அரியமான் கடற்கரையில் ஜோராக எரிந்தது. பனியில் எரியாது என்கிறார்களே, ஏன்?

தம்பி, அடுப்பில் குறை இல்லை. டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், சலசலக்கும். உள்ளே இருப்பது திரவம். அது கொதித்து ஆவியானால்தான் மேலே வந்து எரியும். டப்பாக்களில் அடைக்கும் வாயுக்களில் சாதாரண பியூட்டேன் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரியில். ஐசோபியூட்டேன் என்றால் மைனஸ் 12 அளவில். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். நம் ஊர் வெயிலில் மூன்றுமே கொதிக்கும், அதனால் இங்கே வித்தியாசம் தெரியாது.

நம்ப முடியாதவர்களுக்காக ஒரு முறை வீட்டு வாசலில் செய்து காட்டினேன். மீன் பெட்டியில் உடைத்த ஐஸைக் கொட்டி, கல் உப்பை நாலைந்து கை அள்ளிக் கலந்தேன். உப்பு சேர்ந்த ஐஸ் மைனஸ் 10-க்கும் கீழே இறங்கும். மீன் வறுக்கும் கடைகளில் வைத்திருப்பார்களே, அந்த நீள பியூட்டேன் டப்பா, அதில் ஒன்றை ஒரு மணி நேரம் புதைத்து வைத்தேன். எடுத்து அடுப்பில் மாட்டித் திருகைத் திறந்தால் 'ஸ்' என்ற சத்தம்கூட இல்லை. ஆட்டினால் முக்கால் டப்பா நிறைந்து குலுங்குகிறது. பிறகு குழாய்த் தண்ணீர் வாளியில் ஐந்து நிமிடம் போட்டு, துடைத்து மாட்டினேன். பழையபடி நீலமாக எரிந்தது.

அதனால் வாங்கும்போது டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஐசோபியூட்டேனுடன் 20 அல்லது 30 சதவீதம் புரொப்பேன் கலந்தது குளிருக்கு ஆகும். வெறும் பியூட்டேன் ஆகாது. இன்னொன்று, பாதி தீர்ந்த டப்பாவை மேலே கொண்டுபோகாதீர்கள். கலவையில் புரொப்பேன்தான் முந்திக்கொண்டு வெளியேறும். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன் அல்லது ஐசோபியூட்டேன். ஆட்டினால் சத்தம் கேட்கும், ஆனால் கடும் குளிரில் சரியாகப் பற்றாது.

உயரத்தில் ஒரு சின்னச் சலுகை உண்டு. காற்றழுத்தம் குறைவதால் 3,000 மீட்டரில் பியூட்டேன் சுமார் மைனஸ் 10 வரை கொதிக்கும். ஆனால் அந்த விளிம்பில் தீ மெழுகுவர்த்தி போலத்தான் இருக்கும். அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

தனுஷ்கோடி சாலையில் மீன் வறுவல் கடை வைத்திருக்கும் அக்கா: மலைக்கெல்லாம் நான் போகவில்லை தம்பி. இங்கேயே டப்பா வியர்த்து, கையில் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. தீயும் இறங்கிவிடுகிறது. டப்பா கெட்டதா?

இல்லை அக்கா. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அதை டப்பாவிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. பெரிய தீயில் விடாமல் எரித்தால், வெளிக்காற்று சூடு கொடுப்பதைவிட வேகமாக டப்பா குளிர்ந்துவிடும். வீட்டு சிலிண்டரில் பாதி உயரத்துக்கு ஈரக்கோடு விழுமே, அதுவும் இதுதான். இரண்டு டப்பாவை மாற்றி மாற்றிப் போடுங்கள், போதும்.

உங்கள் கடையில் நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. அந்த அகலமான இரும்புக் கல், பக்கத்தில் டப்பா இருக்கும் அறையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே சின்னக் கல்லுக்கு மாறுங்கள். கல்லின் சூடு டப்பாவில் இறங்கினால் உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும். டப்பா 50 டிகிரியைத் தாண்டவே கூடாது. வெயிலில் பூட்டிய காரில் டப்பாவை விட்டுப் போவதும் இதே ஆபத்துதான்.

பாம்பன்: அப்படியானால் பனியில் டப்பாவைச் சூடாக்க என்ன வழி?

இரவில் தூங்கும் பைக்குள் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் சமைக்கும்போது ஒரு கிண்ணத்தில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி அதில் நிற்க வையுங்கள். காற்று மைனஸ் 10 என்றாலும் உறையாத தண்ணீர் பூஜ்யத்துக்குக் குறையாது. டப்பாவுக்கு அந்தப் பத்து டிகிரியே பெரிய உதவி. வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. கொதிநீர் ஊற்றுவது, தீயில் காட்டுவது, இரண்டும் வேண்டவே வேண்டாம்.

தொண்டி: கச்சான் காற்று அடிக்கும்போது அடுப்பைச் சுற்றித் தகரம் வைப்போம். அங்கேயும் அப்படியே செய்யலாமா?

டப்பாவின் தலையிலேயே உட்காரும் அடுப்பு என்றால் சுற்றிலும் மூடாதீர்கள். சூடு கீழே திரும்பி டப்பாவைத் தாக்கும். காற்று வரும் பக்கம் மட்டும் மறையுங்கள். அவ்வப்போது டப்பாவைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

குழாய் வைத்துத் தள்ளி நிற்கும் அடுப்பு என்றால் சுற்றி மறைக்கலாம். அதில் தீயை உரசிப் போகும் சின்ன உலோகக் குழல் இருந்தால் டப்பாவைத் தலைகீழாகவும் வைக்கலாம். திரவமே நேராக வந்து அந்தக் குழலில் ஆவியாகும். டப்பாவுக்குள்ளேயே திரவம் ஆவியாகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் கடும் குளிருக்கு நான் எடுத்துப் போவது இதைத்தான். பற்ற வைக்கும்போது நேராக, அரை நிமிடம் சூடேறிய பிறகு மெல்லக் கவிழ்க்க வேண்டும். குழல் இல்லாத அடுப்பில் இதைச் செய்தால் தீப்பந்து எழும்பும்.

மண்டபம்: குளிருக்குப் பயந்து கூடாரத்துக்குள் சமைக்கலாமா?

கூடாது. மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தலைவலி வந்து தூக்கமாகவே முடிந்துவிடும்.

கீழக்கரை: தம்பி, டப்பாவை இங்கேயே வாங்கி எடுத்துப் போய்விடலாமா? ரீஃபில் செய்ய அடாப்டரும் கிடைக்கிறதாமே?

காக்கா (அண்ணே), இரண்டும் வேண்டாம். விமானத்தில் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, அனுமதி இல்லை. ரயிலிலும் தடை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் போனார்களே, அது மறைத்து ஏற்றிய சிலிண்டரால் வந்தது. அடுப்பை மட்டும் கொண்டுபோங்கள், டப்பாவை டேராடூனில் வாங்கிக்கொள்ளலாம். ரீஃபில் விஷயம்: அந்த மெல்லிய தகரம் ஒரு முறை பயன்பாட்டுக்குத்தான் செய்தது. வீட்டு சிலிண்டரிலிருந்து அதற்குள் எவ்வளவு ஏறியது என்று கண்ணால் தெரியாது. நிரம்பி வழிய ஏற்றிவிட்டு, சூடு பட்டு விரிவதற்கு இடமில்லாமல் போனால் டப்பா கிழியும்.

தேவிபட்டினம்: எத்தனை டப்பா தேவைப்படும்? சோறு வேகுமா?

பனிக்கட்டியை உருக்கத் தேவைப்படும் வெப்பமும், உருகிய நீரைக் கொதிக்க வைக்கும் வெப்பமும் ஏறக்குறைய சமம். ஆகவே பனியை உருக்கித் தண்ணீர் எடுப்பதாக இருந்தால் ஊர்க் கணக்கைப் போல இரண்டு மடங்கு வையுங்கள். பாத்திரத்தில் முதலில் ஒரு கை தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைப் போடுங்கள். வெறும் பாத்திரத்தில் போட்டால் அடி தீய்ந்து தண்ணீரே கசக்கும்.

சோறு கஷ்டம்தான். கேதார்கந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர், அங்கே தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் தூக்க முடியாதவர்கள் அவல், ரவை, சேமியா எடுத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அடுப்பை அணைக்காமல் காலைக்கு வேண்டிய தண்ணீரையும் அப்போதே உருக்கி, ஃபிளாஸ்கில் ஊற்றி, கம்பளித் துணி சுற்றி வையுங்கள். விடியற்காலையில், டப்பா மிகவும் குளிர்ந்திருக்கும் அந்த நேரத்தில், டீக்கு மட்டும் அது எரிந்தால் போதும்.