கோடு விழாத இடங்கள்

வணக்கம். பாக்டீரியாவின் மரபணுக்களைக் கண்டபடி உடைத்து அவற்றின் வேலையை அறிகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். குறிபார்த்து ஒவ்வொன்றாக நீக்குவதுதானே முறை? உடைந்து செத்துப்போன செல்லிடம் என்ன தெரிந்துகொள்ள முடியும்?
– முதுகலை மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

ஒவ்வொன்றாக நீக்கியும் பார்த்திருக்கிறார்கள். ஈ. கோலை பாக்டீரியாவின் சுமார் 4,300 மரபணுக்களில் 3,985ஐத் தனித்தனியே நீக்கிய தொகுப்பை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். மலைக்க வைக்கும் உழைப்பு. ஆனால் வேறொரு பாக்டீரியா என்றால் அத்தனையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டிரான்ஸ்போசான் அந்தச் சுமையைக் குறைக்கிறது. மக்காச்சோளத்தில் பார்பரா மெக்கிளின்டாக் முதலில் கண்ட ‘தாவும்’ டிஎன்ஏ துண்டின் இனம் இது. லட்சக்கணக்கான செல்களில், செல்லுக்குப் பெரும்பாலும் ஓரிடமாகப் போய்ச் செருகிக்கொள்கிறது. செருகிய மரபணு முடங்குகிறது. எல்லாம் ஒரே குடுவைக்குள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் விஷயத்தின் உயிர். செத்தவற்றை யாரும் தேடுவதில்லை. பிழைத்தவற்றின் டிஎன்ஏவை எடுத்து, டிரான்ஸ்போசானின் ஓரத்தை ஒட்டிய எழுத்துகளை மட்டும் வாசிக்கிறார்கள். ஒவ்வொரு செருகலும் வரைபடத்தில் ஒரு கோடு. கோடுகள் புல்போல அடர்ந்திருக்கும் நடுவே, ஒரு மரபணுவின் நீளம் முழுக்க வெறுமையாகக் கிடக்கும். அங்கே அடிபட்ட செல் ஒன்றும் பிழைக்கவில்லை; அந்த மரபணு இல்லாமல் செல் வாழாது என்று பொருள்! அந்த வெட்டவெளியை முதன்முதலாகப் பார்த்தபோது நான் வெகுநேரம் திரையைவிட்டு நகரவில்லை. சிறிய மரபணு தற்செயலாகவும் செருகலிலிருந்து தப்பலாம். அதனால்தான் செருகல்கள் ஏராளமாக வேண்டும். டைபாய்டு கிருமியில் 2009இல் குறித்தவை சுமார் 3,70,000.

பண்பைத் தேடுவதும் இதே வழியில்தான். அந்த டைபாய்டு ஆய்வில் பித்தநீர் கலந்த வளர்ப்பு ஊடகத்திலும் செல்களை வளர்த்தார்கள். பித்தப்பையில் தங்கிவிடும் கிருமி ஆயிற்றே! சாதாரண ஊடகத்தில் நன்றாக வளர்ந்த ஒரு பிறழ்வு (மரபணு உடைந்த செல்வகை), பித்தநீரில் எண்ணிக்கை சரிந்தால், உடைந்த அந்த மரபணுவுக்குப் பித்தநீரைத் தாங்குவதில் பங்கு உண்டு.

ஆனால் சரியாததை வைத்து ‘பங்கில்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரும்பைப் பிடித்துவரும் மூலக்கூறைச் சுரக்க முடியாத செல், அக்கம்பக்கத்துச் செல்கள் சுரந்ததை வாங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஒரே ஓபரானில், அதாவது ஒன்றாக இயங்கும் மரபணு வரிசையில், முன்னால் விழுந்த செருகல், பின்னால் உள்ள மரபணுவையும் முடக்கிவிடும். பழி தவறான மரபணுவின்மேல் விழும்.

நீங்கள் சொன்ன முறை இங்கேதான் தேவைப்படுகிறது. சந்தேகப்பட்ட மரபணுவை மட்டும் குறிபார்த்து நீக்குங்கள். பிறகு அதையே திருப்பிக் கொடுத்து, இழந்த பண்பு மீள்கிறதா என்று பாருங்கள்.