மௌனமாகப் படிக்கும்போது கேட்கும் குரல்: கேள்வி பதில்

பல வருடங்களாகப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். வாய் திறக்காமல் படிக்கும்போது உள்ளே ஒலிக்கும் குரலைப் பற்றிக் கேளுங்கள்.

கே: கதை படித்தால் உள்ளே யாரோ வாசிப்பது போல இருக்கிறது. இது நோயா?

ப: இல்லை. பெரும்பாலானவர்களுக்கு உண்டு. குழந்தை முதலில் சத்தம் போட்டுப் படிக்கும், அப்புறம் முணுமுணுக்கும், பிறகு உதட்டை மூடிக்கொள்ளும். குரல் மட்டும் உள்ளே தங்கிவிடும். ஆனால் படிக்காத நேரத்திலும் வெளியிலிருந்து யாரோ ஏவுவது போலக் கேட்டால் அது வேறு விஷயம். உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கே: அக்கா அனுப்பிய செய்தி அக்கா குரலிலேயே கேட்கிறதே?

ப: எனக்கும்தான்.

கே: தமிழ் படிக்க இந்தக் குரல் அவசியமா?

ப: நல்ல கேள்வி. பக்கம், பகல், பங்கு என்று மெதுவாகப் படியுங்கள். கண்ணுக்கு ஒரே க. உள்குரலோ மூன்று விதமாக ஒலிக்கிறது. ‘பாவம், குழந்தை அழுகிறது’, ‘நடனத்தில் பாவம் அருமை’ இரண்டையும் பாருங்கள். எழுத்து மாறவில்லை, ஒலி மாறிவிட்டது. பொருள் புரிந்த கணமே குரல் சரியான ஒலியை எடுத்துக்கொள்கிறது. எழுத்தில் இல்லாததை அது நிரப்பித் தருகிறது.

கே: குரலை நிறுத்தினால் வேகமாகப் படிக்கலாமாமே?

ப: அப்படிச் சொல்லும் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். கீத் ரேனரும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் வெளியான கட்டுரையில் வேக வாசிப்பு ஆய்வுகளை அலசினார்கள். உள்குரலை அடக்கினால் புரிதல் கெடுகிறது என்பதே அவர்கள் கண்டது. நீங்களே ‘லாலாலா’ என்று சொல்லிக்கொண்டு ஒரு சட்டப் பத்தியைப் படித்துப் பாருங்கள்.

கே: போட்டித் தேர்வுக்குக் குரலை நிறுத்தும் பயிற்சி உண்டா?

ப: மேலே சொல்லிவிட்டேன். பணம் கட்டாதீர்கள்.

கே: எனக்கு எந்தக் குரலும் கேட்பதில்லை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

இன்னொருவர்: சும்மா சொல்லாதீர்கள். குரல் இல்லாமல் எப்படிப் படிக்க முடியும்?

ப: அவரைப் பொய்யராக்க வேண்டாம். உள்குரல் மிகக் குறைவாக இருப்பவர்கள் உண்டு. யோஹானே நெடர்கார்டும் கேரி லூப்யானும் 2024-ல் இதை ஆராய்ந்தார்கள். அத்தகையவர்களுக்குச் சொற்களை நினைவில் வைப்பதும், இரண்டு சொற்கள் ஒத்து ஒலிக்கின்றனவா என்று சொல்வதும் சற்றுக் கடினமாக இருந்தன.

இன்னொருவர்: அப்படியானால் குறளில் எதுகை எப்படித் தெரியும்?

முதலாமவர்: அகர, பகவன். இரண்டாம் எழுத்தைக் கண்ணால் பார்ப்பேன். இரண்டிலும் க.

ப: இது எனக்குத் தோன்றவே இல்லை! ஆங்கிலத்தில் ஒத்து ஒலிக்கும் சொற்களின் எழுத்துகள் பல சமயம் ஒத்திருக்காது. நம் எதுகை எழுத்திலேயே தெரிகிறது. ஐயா, மோனையையும் இப்படித்தான் பிடிப்பீர்களா? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

கே: சார், வேகமாகப் படிக்க...

ப: மேலே இருக்கிறது. அவர் பதில் சொல்லட்டும்.