ஒரு சிறிய சபையின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

மதிப்பிற்குரிய ஐயா,

திருகோணமலையிலுள்ள எங்கள் சிறிய பப்டிஸ்ட் சபையின் ஆண்டு நிறைவை ஒட்டி ஒரு மலர் வெளியிடத் தீர்மானித்திருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதால் வரலாற்றுக் கட்டுரையை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்துள்ளது. மலர்க் குழுவிலுள்ள மூத்தவர்கள் கட்டுரையை 1812இலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார்கள். பப்டிஸ்ட் மிஷனரி இலங்கைக்கு வந்த ஆண்டு அது என்பது அவர்களுடைய வாதம். என் கையில் இருப்பவையோ இரண்டு கூட்டறிக்கைக் கொப்பிகளும், ஓர் அங்கத்தவர் பதிவேடும், காணி உறுதியின் பிரதியும் மட்டுமே. முந்திய கொப்பிகள் 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வில் போய்விட்டன. இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டாவது கொப்பியில், சில குடும்பங்கள் மனத்தாங்கலோடு பிரிந்துபோன கதை பல பக்கங்களுக்கு நீள்கிறது. அதை அச்சில் ஏற்றலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், உவர்மலை

அன்புள்ள நண்பருக்கு,

1812ஆம் ஆண்டு உண்மையானதுதான். ஆனால் அது உங்கள் சபையின் ஆண்டு அன்று. அவ்வாண்டில் ஜேம்ஸ் சேட்டர் என்ற பப்டிஸ்ட் மிஷனரி பர்மாவின் இரங்கூனிலிருந்து வந்து கொழும்பில் இறங்கினார். சிங்களம் கற்று, 1815இல் அம்மொழிக்கு ஓர் இலக்கணமும் வெளியிட்டார். அவருக்குப் பின் 1830இல் வந்த எபநேசர் டேனியலும் கொழும்பையும் ஹங்வெல்லையையும் சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களிலேயே பெரும்பாலும் உழைத்தார். பிறகு கண்டி, மாத்தளை என்று அந்தப் பணி உள்நாட்டுக்குள் விரிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழரிடையே வேரூன்றியவர்கள் வேறு மிஷன்களைச் சேர்ந்தவர்கள். 1814இல் வந்த வெஸ்லியர்கள் (மெதடிஸ்தர்கள்), தங்கள் தலைவர் தோமஸ் கோக் வரும் வழியில் கப்பலிலேயே இறந்துவிட்ட நிலையிலும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, காலி, மாத்தறை என்று பிரிந்து சென்றார்கள். 1816இல் வந்த அமெரிக்கர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தங்கினார்கள்.

இவ்விடத்தில் சற்று விலகி ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் மூத்தவர்களுக்கும் இது சுவையாக இருக்கும். 1812ஆம் ஆண்டு பெப்ரவரியில் அதோனிராம் ஜட்சன், சாமுவேல் நியூவெல் என்ற இரு மிஷனரிகளும் தத்தம் மனைவியரோடு அமெரிக்காவிலிருந்து ஒரே கப்பலில் புறப்பட்டவர்கள். இருவரும் பப்டிஸ்டுகள் ஏற்காத குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொண்ட சபைப் பிரிவினர். ஜட்சன் அப்பயணத்தின்போதே வேதத்தை ஆராய்ந்து மனம் மாறி, செப்டெம்பரில் கல்கத்தாவில் பப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் வார்டின் கையால் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். நியூவெல் மாறவில்லை. ஜட்சன் 1813இல் இரங்கூன் சென்று, சேட்டர் முன்பு பணியாற்றிய அதே களத்தில் இறங்கினார். மனைவியை மொரீசியசில் அடக்கம் செய்துவிட்டு இலங்கைக்கு வந்த நியூவெல், யாழ்ப்பாணமே ஏற்ற இடம் என்று தம் மிஷனுக்கு எழுதினார். மனம் மாறியவர் நியூவெலாக இருந்திருந்தால் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் எழுப்பிய செமினறி என்ற கல்விக்கூடம் ஒரு பப்டிஸ்ட் நிறுவனமாக இருந்திருக்கலாம். உங்கள் மலர்க் குழுவுக்கும் 1812ஐ உரிமை கொண்டாட ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்கும். அவ்வாறு நடக்கவில்லை. ஆகவே அந்த ஆண்டுக்கு ஒரு பத்தி போதும்.

பப்டிஸ்ட் கொள்கையும் இதையே சொல்கிறது. ஆயர் ஒருவர் வந்து நிறுவுவதால் அங்கே சபை உண்டாவதில்லை. விசுவாச அறிக்கை செய்து ஞானஸ்நானம் பெற்ற சிலர், ஒன்றாக நடப்போம் என்று தங்களுக்குள் உடன்படும்போதே சபை உண்டாகிறது. 1609இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித்தும் அவரோடிருந்த ஆங்கிலேய அகதிகளும் தொடங்கியது அப்படித்தான். 1792 ஒக்டோபர் 2ஆம் திகதி இங்கிலாந்தின் கெட்டரிங்கில் ஒரு வீட்டில் கூடியவர்கள் பப்டிஸ்ட் மிஷன் சங்கத்தை நிறுவியதும் அப்படித்தான். அன்று அவர்கள் தருவதாக வாக்களித்த தொகை 13 பவுண் 2 சிலிங் 6 பென்ஸ் என்பது வரை நமக்குத் தெரிந்திருக்கிறதென்றால், யாரோ ஒருவர் அதை எழுதி வைத்ததே காரணம். உங்கள் ஊரில் முதல் உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர்கள் யார், யாருடைய வீட்டில் கூடினார்கள், எந்த மொழியில் ஆராதித்தார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். அந்த ஆண்டு எவ்வளவு அண்மையதாக இருந்தாலும் அதுவே உங்கள் ஆண்டு.

கையில் இருப்பவை "மட்டுமே" என்று எழுதியுள்ளீர்கள். அங்கிலிக்கன் அல்லது கத்தோலிக்க ஆலயமொன்றின் வரலாற்றை எழுதுபவருக்கு ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து பிறந்த குழந்தைகளின் பெயர்கள் கிடைக்கும். உங்கள் பதிவேட்டில் அவை இரா. பிள்ளைகளைப் பிரதிஷ்டை செய்திருந்தாலும், தாமே விசுவாச அறிக்கை செய்யும் வயது வந்த பிறகுதான் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கும். ஆனால் உங்கள் பதிவேடு வேறொன்றைச் சொல்லும்: ஒவ்வொருவரும் எப்படி உள்ளே வந்தார், எப்படி வெளியே போனார் என்பதை. ஞானஸ்நானத்தால் சேர்ந்தவர், வேறொரு சபையின் கடிதத்தோடு வந்தவர், முன்பே ஞானஸ்நானம் பெற்றுத் தம் சாட்சியைச் சொல்லி ஏற்றுக்கொள்ளப்பட்டவர் என்ற வேறுபாடுகளைத் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். கடிதத்தோடு வந்தவர்கள் எந்த ஊர்ச் சபையிலிருந்து வந்தார்கள் என்பதைக் கூட்டினாலே, உங்கள் சபையை உண்மையில் யார் கட்டினார்கள் என்பது தெரிந்துவிடும். அது கொழும்பா, மலையகமா, தமிழ்நாடா என்பதை நான் இங்கிருந்து ஊகிக்க மாட்டேன்.

பிறகு அந்தப் பட்டியலை ஊரின் ஆண்டுகளோடு பொருத்திப் பாருங்கள். திருகோணமலை துறைமுகத்தை நம்பி வாழ்ந்த ஊர். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 1983இலும் 1990இலும் வன்முறையும் இடப்பெயர்வும். 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை. உங்கள் பதிவேடு எந்த ஆண்டுவரை பின்னோக்கிப் போகிறதோ அதுவரை, இவற்றைச் சூழ்ந்த மாதங்களில் எத்தனை பெயர்களுக்கு எதிரே "வெளியேறினார்" என்றோ "தொடர்பில்லை" என்றோ எழுதப்பட்டிருக்கிறது? ஞானஸ்நானங்கள் கடலில் நடந்தனவா, ஆலயத்துக்குள் தொட்டி கட்டப்பட்டதா, கட்டப்பட்டதென்றால் எப்போது? வாடைக் காலத்தில் உங்கள் பக்கத்துக் கடல் இடங்கொடாது என்பதால், கடலில் நடந்திருந்தால் திகதிகளே அதைக் காட்டிக்கொடுக்கும்.

தொலைந்த கொப்பிகளுக்காக வருந்துவதைவிட, அவற்றில் எழுதியவர்களையும் எழுதப்பட்டவர்களையும் தேடுவது பயன் தரும். பழைய செயலாளர்கள், பொருளாளர்கள், அவர்களுடைய பிள்ளைகள் இன்று கனடாவிலோ இலண்டனிலோ இருக்கலாம். ஞானஸ்நானச் சான்றிதழ், சபை மாறும்போது கொடுத்த கடிதம், பழைய மலர் என்று ஏதாவது அவர்களிடம் இருக்கும். தொலைபேசியில் பேசும்போது "சபை எப்படி வளர்ந்தது" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் "கர்த்தர் வளர்த்தார்" என்பார்கள், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஞாயிறு காலையில் யார் கதவைத் திறந்தார், பாட்டை யார் எடுத்துக் கொடுத்தார், காணிக்கையை யார் எண்ணினார் என்று கேளுங்கள். காணியின் முன்னைய உரிமையாளர் பற்றிய விவரத்தைக் காணிப் பதிவகத்தில் உறுதியிலுள்ள விவரங்களைக் கொடுத்துத் தேடலாம்.

ஆசிச்செய்திகள் பற்றியும் ஒரு சொல். நம் மலர்கள் பலவற்றில் முதற்பாதியைப் புகைப்படத்தோடு கூடிய வாழ்த்துகளே நிறைக்கின்றன; வரலாறு கடைசியில் விளம்பரங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. உங்கள் குழு இதைக் கேட்குமோ தெரியாது, இருந்தாலும் சொல்லிப் பாருங்கள்.

இனி அந்தப் பிரிவு. அதை எழுதத்தான் வேண்டும். உங்கள் சபையில் முடிவெடுக்கும் அதிகாரம் ஆயரிடமோ பப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பான, கொழும்பிலுள்ள சங்கமயவிடமோ இல்லை, சபைக் கூட்டத்திடமே இருக்கிறது. எல்லோரும் கூடி முடிவெடுக்கும் இடத்தில் கருத்து வேறுபாடு வருவதும், சிலர் எழுந்து போவதும் அந்த அமைப்புக்குள்ளேயே அடங்கியவை. ஸ்மித்தின் சபையிலிருந்து தோமஸ் ஹெல்விஸ் பிரிந்து இங்கிலாந்து திரும்பியதால்தான் அந்நாட்டில் முதல் பப்டிஸ்ட் சபை உண்டானது. கொப்பியில் உள்ள சுடுசொற்களை அப்படியே அச்சிட வேண்டியதில்லை. விவாதம் எதைப் பற்றியது, என்ன தீர்மானம் நிறைவேறியது, எத்தனை பேர் விலகினார்கள் என்ற அளவோடு நில்லுங்கள். தனிப்பட்ட ஒழுக்கம் பற்றிய குற்றச்சாட்டுகள் இருந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே ஊரில்தான் படிக்கிறார்கள். உங்கள் கொப்பி தங்கியவர்களின் செயலாளர் எழுதியது என்பதால், அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பக்கங்களைப் பிரிந்துபோன குடும்பங்களில் ஒருவரிடம் கொடுத்து, அவர் சொல்வதையும் அருகிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மலர் அதனால் ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை.