அம்மா இருக்கும்போதே தம்பி வேறு வீட்டுக்குப் போகலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். என் தம்பிக்கு 49 வயது, டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவன். பிறந்ததிலிருந்து அம்மாவோடுதான் இருக்கிறான். அம்மாவுக்கு 78 ஆகிறது, முட்டி தேய்ந்துவிட்டது, அவனைக் குளிக்கவைக்கப் போய் சமீபத்தில் இரண்டு பேருமே வழுக்கி விழுந்தார்கள், நல்லவேளை எலும்பு ஒன்றும் முறியவில்லை. நான் தூரத்தில் இருக்கிறேன், என் கணவருக்கும் உடம்பு சரியில்லை, தம்பியைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாத நிலைமை. "எனக்கு ஒரு நாள் முன்னாடி அவன் போயிடணும்" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

இவனைப் போன்ற ஐந்து பேர் உதவியாளர்களோடு சேர்ந்து வாழும் ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தேன், எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவிடம் சொன்னதும் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். போதாக்குறைக்குத் தம்பியும் கொஞ்ச நாளாக மாறிவிட்டான். வீட்டில் துணி மடிப்பது அவன் வேலை, ஓரத்தோடு ஓரம் சேர்த்து அத்தனை நேர்த்தியாக மடிப்பான், இப்போது சட்டையைக் கையில் பிடித்தபடி பாதியிலேயே நின்றுவிடுகிறான். படி இறங்கப் பயப்படுகிறான். கூப்பிட்டால் திரும்புவதில்லை, சாயங்காலமானால் தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். இது பிடிவாதமா, மறதிநோயா? இந்த நேரத்தில் இடம் மாற்றினால் இன்னும் மோசமாகிவிடுமா? அம்மா காலம்வரை பொறுத்திருப்பதுதான் நியாயமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொறுத்திருக்க வேண்டாம். அம்மா போன பிறகு அவசர அவசரமாக நடக்கும் இடமாற்றத்தில் உங்கள் தம்பி ஒரே வாரத்தில் அம்மாவையும் இழப்பார், வீட்டையும் இழப்பார், தன் அரைகுறைச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆளையும் இழப்பார். அம்மா இருக்கும்போதே நடந்தால் அந்த அர்த்தங்களை அவரே புது வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்.

அம்மாவின் வேண்டுதலைப் பற்றி ஒன்று. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் ஆயுள் 25 வயதை ஒட்டித்தான் இருந்தது, இன்று நல்ல மருத்துவம் கிடைக்கும் இடங்களில் 60ஐத் தொடுகிறது. அவர் இவரைப் பெற்ற காலத்தில் "ரொம்ப நாள் இருக்கமாட்டான்" என்றுதான் பல பெற்றோர் கேட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு மாறிவிட்டது, ஆனால் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

சரி, தம்பியின் மாற்றம். பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. டவுன் சிண்ட்ரோமில் கூடுதலாக இருக்கும் 21ஆம் குரோமோசோமில்தான், அல்சைமர் என்ற மறதிநோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணுவும் இருக்கிறது, அதனால் அந்த நோய் இவர்களுக்கு ஐம்பதுகளிலேயே வந்துவிடுவதுண்டு. அதற்காக இது அதுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கூப்பிட்டால் திரும்பாததற்குக் காது கேளாமை காரணமாக இருக்கலாம், சில சமயம் காதை அடைத்த வெறும் குறும்பிகூட. படியில் தயங்குவது கண்புரையாக இருக்கலாம், கழுத்தெலும்புப் பிரச்சினையாகவும் இருக்கலாம். தைராய்டு குறைவு, தூங்கும்போது மூச்சு அடைபடுவது, மனச்சோர்வு, சொல்லத் தெரியாத வலி எல்லாமே ஆளை இப்படி மந்தமாக்கும், இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம். தனக்குத்தானே பேசுவது இவர்களில் பலருக்கும் உள்ள பழக்கம், அது ஒன்றுக்காக மாத்திரை வேண்டாம், ஆனால் பேச்சின் தொனி பயமாகவோ கோபமாகவோ மாறியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். "இவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று எல்லாவற்றையும் டவுன் சிண்ட்ரோம் தலையிலேயே கட்டும் மருத்துவர் என்றால் வேறு ஒருவரைப் பாருங்கள். பொதுவான ஞாபகப் பரிசோதனைகள் இவருக்குப் பொருந்தாது, இவரை இவரோடுதான் ஒப்பிட வேண்டும். முன்பு என்னவெல்லாம் தானே செய்தார் என்று எழுதி எடுத்துப்போங்கள், அந்தத் துணி மடிக்கும் விஷயம் உட்பட. பழைய வீடியோ ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.

மறதிநோய் என்றே தெரிந்தாலும் மாற்றத்தைத் தள்ளிப்போட அது காரணமாகாது. புது வீட்டில் குளியலறை எந்தப் பக்கம் என்று பழகிக்கொள்ளும் திறன் இருக்கும்போதே போவதுதான் அவருக்கு எளிது. திடீரென்று கொண்டுபோய் விட்டால்தான் கலங்கிப்போவார். முதலில் சாயங்காலம் போய்வரட்டும், அப்புறம் ஒரு ராத்திரி, அப்புறம் சில நாள்.

அந்த வீட்டில் ஆள் குறைவு என்பதை மட்டும் வைத்து நல்ல இடம் என்று சொல்லிவிட முடியாது. ஐந்து பேர் இருக்கும் வீட்டிலும் எல்லோரும் எட்டு மணிக்கு விளக்கணைத்துப் படுத்தே ஆக வேண்டும் என்றால் அது சின்ன விடுதி, அவ்வளவுதான். சொல்லாமல் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். ராத்திரி யார் விழித்திருப்பார்கள், அறைக்குள் வரும்போது கதவைத் தட்டுகிறார்களா, வெளியே போய்வருகிறார்களா என்று கவனியுங்கள். முக்கியமாக இதைக் கேளுங்கள்: இவருக்கு மறதிநோய் முற்றினாலும், படுத்த படுக்கையானாலும் வைத்துக்கொள்வீர்களா, திருப்பி அனுப்பிவிடுவீர்களா? வயதானவர்கள் விஷயத்தில் பல இடங்கள் நழுவுவது இங்கேதான். பாதுகாவலர், பணம் சம்பந்தமான சட்ட வேலைகளையும் அம்மா கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் அம்மா என்ன நினைக்கிறார் என்று இருக்கிறது, உங்கள் நிலைமை இருக்கிறது, தம்பி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. மாற்றுத்திறனாளிகள் எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலத் தாங்களே தேர்ந்தெடுக்க வாய்ப்பு வேண்டும் என்று 2006இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு சொல்கிறது. "போறியா?" என்று கேட்டால் உங்களைச் சந்தோஷப்படுத்தவே தலையாட்டிவிடக்கூடும். அழைத்துப்போய்க் காட்டுங்கள், படம் எடுத்துவந்து வீட்டில் வைத்துக் காட்டுங்கள், அங்கே யார் பக்கத்தில் போய் உட்கார்கிறார், எப்போது கிளம்பச் சொல்கிறார் என்று பாருங்கள்.

அம்மாவிடம் "உன்னால் முடியவில்லை" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவரது 49 வருட வேலையை யாரோ பறிப்பதாகத்தான் அது கேட்கும். அந்த வீட்டின் உதவியாளர் ஒருவரை வரச்சொல்லி, இவருக்கு எது பிடிக்கும், எதற்கு மிரள்வார், வலித்தால் எப்படிக் காட்டுவார் என்று அம்மாவே சொல்ல, அவர் எழுதிக்கொள்ளட்டும்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அம்மாவுக்கு இஷ்டம் என்றால் அவரோடும் பேசுகிறேன், ஆனால் தனியாக, நீங்கள் பக்கத்தில் இல்லாமல்.